உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த துளியிலும் 7 நாள்!

மஞ்சள் காமாலை என்றதும் குடித்த தண்ணீரைத்தான் சந்தேகப்படுவோம். ஆனால், காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸ் தண்ணீரில் வருவதில்லை. ரத்தமும் உடலுறவின்போது கலக்கும் திரவங்களும்தான் அதன் பாதை. உடலுக்கு வெளியே சிந்திய ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் தொற்றும் வலுவோடு இருக்கும். அடுத்தவர் பிளேடும், பல் துலக்கும் பிரஷும், சுத்தம் செய்யாத பச்சை குத்தும் ஊசியும் ஆபத்தாவது இதனால்தான். சேர்ந்து சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, தும்மினாலோ பரவாது. (நோயாளிக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் கவனிக்க!)

பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதுதான் கொடுமை. பிறந்த முதல் வருடத்துக்குள் தொற்றினால், 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பெரியவர்களிலோ 100க்கு 5 பேருக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசி இதற்காகத்தான்.