ஊர் திரும்பியதும் எழும் வேட்கை

மருத்துவமனையில் இருந்தவரை குடி நினைப்பே வரவில்லை, ஊர் எல்லையில் பேருந்து திரும்பியதும் நாக்கு வறண்டுவிட்டது என்று குடியை நிறுத்தியவர்கள் பலர் சொல்வார்கள். "மனசுல உறுதி இல்ல" என்று வீட்டார் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. வேட்கை பிறக்கும் விதத்தை அறிந்தால் அது புரியும்.

1990களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் பழச்சாறு விழுந்தால் அந்த செல்கள் துடித்தன. சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கை எரியவைத்துப் பழக்கினார். சில நாளில் துடிப்பு இடம் மாறியது. சாறு வந்தபோது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்ததும் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வரவேண்டிய அந்த நொடியில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. குடியை நிறுத்தியவர் மாலை ஆறு மணிக்குக் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரே, அந்தக் கோபத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

ஓசூரை அடுத்த எங்கள் பாகலூரில் அந்த விளக்குகள் எத்தனை! ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரம், சம்பள நாள், ரோஜாத் தோட்டத்துக் கூலி கைக்கு வரும் மாலை, கூடவே குடித்த நண்பனின் பைக் சத்தம். போதாததற்கு, கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே மட்டும் டாஸ்மாக் அடைத்திருக்கும் நாளில் அங்கே கடை திறந்திருக்கும். தொண்ணூறு மில்லி மது அட்டைப் பொட்டலம் சட்டைப்பையில் அடங்கிவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் இன்னொன்றைச் சொன்னார்கள். ஒன்றை ரசிப்பதும் அதற்காகத் தவிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள். நாள்பட்ட பழக்கத்தில் ரசனை வற்றிப்போகும், தவிப்பு மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும். "குடிச்சா இப்பல்லாம் ஒண்ணுமே இல்ல, ஆனா குடிக்காம இருக்க முடியல" என்று ஒருவர் அழுதால் அது பொய்யில்லை.

இடத்துக்கு எவ்வளவு பலம் என்பதை வியட்நாம் போர் காட்டியது. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் மறுபடி அடிமையானார்கள். போதை பழகிய மண்ணை அவர்கள் கடலுக்கு அப்பால் விட்டு வந்திருந்தார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் தொழிலாளிக்கு நடப்பது நேர்மாறு: குடியை வெளியூரில் விட்டுவிட்டு, குடித்த தெருவுக்கே திரும்பி வருகிறார்.

தெருவையே மாற்றிவிடலாம் என்று முயன்றவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. சென்னை மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் அவர் மதுவிலக்கைக் கொண்டுவந்தது, ஓசூரும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். கடையை மூடுவது பெரிய உதவி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மூளைக்குள் பதிந்த விளக்கைச் சட்டம் அணைக்காது. கர்நாடகம் 2007இல் சாராயத்தைத் தடை செய்தது; மறு ஆண்டு மே மாதம் கள்ளச்சாராயம் எல்லையின் இரு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

நம்பிக்கை தரும் செய்தி, வேட்கை நிலைத்து நிற்பதில்லை என்பது. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் அதைத் தூக்கிவிடும் என்பதால், இரவு ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு தனியாக வருகிறவர் முதலில் சாப்பிட வேண்டும். வேட்கை வந்தும் குடிக்காமல் கடந்த ஒவ்வொரு மாலையும், விளக்குக்கும் சாற்றுக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

அந்த அரை மணியைத் தனியாகக் கடக்கத்தான் முடிவதில்லை. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகர விடுதியொன்றில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதமே ஆகியிருந்தது. வந்த வியாபாரம் தோற்றிருந்தது. விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது. அவர் தொலைபேசியை எடுத்து, பேச இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவர்கள் தொடங்கியதுதான், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றாக அலசியபோது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்தக் கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்றப் பல சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது தெரிந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை, பின்னர் மஞ்சக்குடி என்ற கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை அளித்தது. வாழும் இடத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவே குணமாவது மூளையின் கணக்குக்கும் பொருந்துகிறது.

ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. மது அடக்கிவைத்திருந்த நரம்புகள் ஒரே நேரத்தில் சீறும். கை நடுக்கத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில் நிறுத்தினால் இதற்கு மருந்து உண்டு. வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. ஆனால் குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்காதீர்கள். அது ஆளையே கொன்றுவிடலாம்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. பாகலூர்க்காரருக்கு வழி தூரமில்லை. குடிநோய்க்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம். இந்த எண்களை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வீட்டில் ஒருவர் குடியை நிறுத்தியிருந்தால், மாலை ஆறு மணிக்கு அவரோடு இருங்கள்.