மணல் போனால் நன்னீரும் போகும்

பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குள் போகின்றவர்கள், சைக்கிளின் இருபுறமும் தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு செல்பவர்களைக் கண்டிருப்பார்கள். சுற்றிவரக் கடல் சூழ்ந்த ஊரில் குடிப்பதற்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் பெறுவது பெரும்பாடு. எமது மக்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆயினும் அந்தத் தண்ணீருக்கும், வீதியால் ஓடும் ஒரு மணல் டிப்பருக்கும், அதன் சாரதி கையில் இருக்க வேண்டிய ஒரு துண்டுக் கடதாசிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அதனை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1991ஆம் ஆண்டு காரைநகர் மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தார்கள். 1996இன் பின்னர் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தவர்கள் பலர். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, அதற்கும் அப்பால் இலண்டன், ரொறன்ரோ என்று தங்கிவிட்டவர்களும் பலர். திரும்பி வந்த ஒரு தாயிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்:

“தம்பி, நாங்கள் வெளிக்கிடேக்கை இந்தக் கிணத்திலைதான் அள்ளிக் குடிச்சனாங்கள். திரும்பி வந்து இறைச்சு இறைச்சுப் பாத்தம், உவர் போகேல்லை. இப்ப பவுசர் வந்தால்தான் எங்களுக்குத் தண்ணி.”

“ஏன் அம்மா இப்படி வந்தது எண்டு நினைக்கிறியள்?”

“ஆருக்குத் தெரியும்? குளம் தூர்ந்து போச்சு. அணை உடைஞ்சு போச்சு. பாத்துக் கேக்க ஊரிலை ஆக்கள் இல்லைத்தானே.”

அந்தத் தாயின் மறுமொழியில் ஓர் உண்மை இருக்கிறது. கிணறு உவராவதற்குக் காரணம் ஒன்றல்ல. குளங்கள் தூர்ந்து போதல், உவர்நீர்த் தடுப்பணைகள் பழுதடைதல், இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தல் என்று பல உண்டு. அவற்றுள் ஒன்று மணல் அகழ்வு. மற்றவற்றைக் காலம் சென்றாவது திருத்தலாம். தூர்ந்த குளத்தை வாரலாம். உடைந்த அணையைக் கட்டலாம். ஏற்றிக்கொண்டு போன மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவார் எவருமில்லை.

மணல் என்னும் தண்ணீர்த் தாங்கி

எமது தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழையே எமது முதல். அந்த மழைநீர் நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். பாலின் மேல் ஆடை படர்ந்திருப்பது போல, தீவின் கீழே நன்னீர் ஒரு படையாக நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொது விதி. இதனை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி நன்னீரை நாம் இழக்கிறோம். அந்த இடத்துக்கு உவர்நீர் ஏறி வருகிறது.

மேலே நிற்கும் அந்த ஓர் அடியைத் தாங்கி வைத்திருப்பதில் மணலுக்குப் பெரும் பங்குண்டு. மணல் மேட்டில் விழும் மழை ஓடிக் கடலில் கலந்துவிடாமல் உள்ளே இறங்கி, மெல்ல மெல்லக் கசிகிறது. மணலை அள்ளிக் கிடங்காக்கினால் நீர் வெளியே தெரியும். வெயிலில் வற்றிப் போகும். மேட்டின் உயரம் குறையக் குறைய நீரைச் சேமிக்கும் இடமும் குறைகிறது. மணற்காடு என்ற இடப்பெயர் காரைநகரிலும் உண்டு. வடமராட்சி கிழக்கிலும் உண்டு. எமது முன்னோர் மணல் நிறைந்த இடத்தைத் தனியாகப் பெயரிட்டு அறிந்திருந்தார்கள்.

வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024ஆம் ஆண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது அது. அதனால் யாழ்ப்பாண மக்களுக்குக் கிடைக்கும் நன்மையை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அதனை இயக்க மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும், வெளிநாட்டுக் கடனும் வேண்டும். மணல் மேடு இவை ஒன்றும் கேளாமல் ஆண்டாண்டு காலமாக மழைநீரைக் காத்துத் தந்தது. அதே வடமராட்சி கிழக்குக் கரையிலிருந்து சட்டவிரோதமாக மணல் ஏற்றப்படுகிறது என்ற முறைப்பாடும் நீண்டகாலமாக இருந்து வருகிறது.

கடதாசி எதற்காக?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப் பொருட்கள் சட்டத்தின்படி நிலத்துக்குள் உள்ள கனியப் பொருட்கள் அரசின் உடைமையாகும். மணலும் அதில் அடங்கும். வியாபாரத்துக்காக மணல் அகழ்வதென்றால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அகழ்ந்ததை வாகனத்தில் கொண்டு செல்வதற்கு இன்னோர் அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்த இடத்தில் ஏற்றியது, எத்தனை கியூப், எங்கே போகிறது என்பதை அந்தக் கடதாசி சொல்லும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. தமிழ்நாட்டிலும் இத்தகைய முறை உண்டு. அங்கே அதனை நடைச்சீட்டு என்பார்கள்.

அகழ்வு இரவில் நடக்கும், பற்றைக்குள் நடக்கும், ஆளில்லாத காணியில் நடக்கும். அங்கே போய்ப் பிடிப்பது இலகுவல்ல. ஆனால் அகழ்ந்த மணல் எப்படியும் வீதிக்கு வந்தே ஆகவேண்டும். ஆகவே போக்குவரத்து அனுமதி என்பது வெறும் வாகனச் சங்கதியன்று. அரசாங்கமும் பொதுமக்களும் மணலைக் கண்ணால் காணக்கூடிய ஒரே இடம் அதுதான்.

2019 டிசம்பரில் நடந்தது

2019ஆம் ஆண்டு நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச சனாதிபதியாகத் தெரிவானார். அடுத்த மாதமே மணல், மண், கிரவல் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை நீக்க அமைச்சரவை தீர்மானித்தது. அகழ்வதற்கான அனுமதி தொடர்ந்தும் இருந்தது. வீதியில் காட்டவேண்டிய கடதாசி மட்டுமே இல்லாமற் போனது. கட்டடப் பொருட்களின் விலை குறையும், அனுமதி பெறுவதற்காக மக்கள் அலைய வேண்டியதில்லை, வீதியில் இலஞ்சம் ஒழியும் என்பவை இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள்.

விளைவு என்ன? அனுமதியுடன் ஏற்றிய டிப்பரும் அனுமதியின்றி ஏற்றிய டிப்பரும் வீதியில் ஒன்றாகிவிட்டன. மறித்துக் கேட்க பொலிசாருக்கு ஆதாரம் இல்லை. கிராம அலுவலர் கண்டாலும் பேசாமல் நிற்கவேண்டிய நிலை. வடக்கிலும் தெற்கிலும் மணல் அகழ்வு பெருகியதாக மக்கள் முறையிட்டார்கள். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. 2020ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை வழங்கியது. ஏறத்தாழ ஏழு மாதங்களுக்குப் பின்னர் கடதாசி மீண்டும் தேவைப்பட்டது. அந்த ஏழு மாதத்தில் போன மணல் திரும்பி வரவில்லை.

தெற்கிலும் இதே பாடம்தான். களனி கங்கையில் பல்லாண்டுகளாக மணல் அள்ளியதால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தது. கோடை காலத்தில் கடல்நீர் ஆற்றினுள் ஏறி, கொழும்புக்கு நீர் எடுக்கும் அம்பத்தளையை எட்டியது. அதனைத் தடுப்பதற்கு அதிகாரிகள் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி அணை போட வேண்டியிருந்தது. ஆற்றிலிருந்து எடுத்த மணலுக்காக மணல் மூட்டையையே ஆற்றில் போடவேண்டி வந்தது! பெரிய ஆறு ஓடும் இடத்திலேயே இந்த நிலையென்றால், ஆறில்லாத எமது தீவுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீடும் வேண்டும், நீரும் வேண்டும்

இந்தப் பிரச்சினையின் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மணல் எல்லாம் பணக்காரரின் மாளிகைக்கே போகிறது என்று சொல்லிவிட முடியாது. 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கு மக்களுக்கு வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. அந்தப் பணத்துக்குள் அத்திவாரம் போட்டுக் கூரை வரை கட்டி முடிக்க எமது குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். மணல் விலை ஏறியதும் கட்டிய சுவர் பூச்சில்லாமல் நின்றது. அனுமதி பெற அலைந்து அலைந்து களைத்தவர்கள், கேட்டதைக் கொடுத்து இரவில் ஒரு லோட் இறக்கியதும் உண்டு. அந்தத் தாயே இதையும் சொன்னார்:

“மண் இல்லாமல் வீடு கட்டேலாது, தம்பி. வீடு கட்டிப்போட்டுத் தண்ணி இல்லாமல் இருக்கவும் ஏலாது.”

இவ்வளவும்தான் விடயம். அனுமதி முறை கடினமாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் இருந்தால் ஏழை கள்ள மணல் வாங்குவான். அனுமதி முறையே இல்லாவிட்டால் பெரிய வியாபாரி முழு மணலையும் கொண்டுபோவான். இரண்டிலும் இறுதியில் இழப்பவன் ஏழைக் கமக்காரனே. ஆகவே கடதாசியை ஒழிப்பது தீர்வல்ல. வீடு கட்டும் குடும்பத்துக்கு அது விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்க வேண்டும். எங்கே எவ்வளவு அகழலாம் என்பதை ஊரவர் அறியத்தக்கதாக அறிவிக்க வேண்டும். அதுவே தீர்வு.

பார்க்கவேண்டியவர் யார்?

சட்டத்தில் குறைவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, பெருக்கு நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே அபிவிருத்தி வேலை செய்வதற்குத் தனி அனுமதி வேண்டும். சுரங்கப் பணியகம் இருக்கிறது. பிரதேச செயலகம் இருக்கிறது. பிரதேச சபையும் பொலிசாரும் இருக்கிறார்கள்.

குறை எங்கே? ஒவ்வொருவரும் ஒரு துண்டையே பார்க்கிறார்கள். ஒருவர் அகழ்வைப் பார்ப்பார். ஒருவர் கரையைப் பார்ப்பார். ஒருவர் வாகனத்தைப் பார்ப்பார். கிணற்று நீரைப் பார்ப்பவர் இவர்களுள் எவருமில்லை. அதனைப் பார்ப்பவர்கள் அதைக் குடிக்கும் நாங்கள்தான்.

இங்கே இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. உரியவர் ஊரில் இல்லாத காணியிலேயே மணல் இலகுவாகப் போகும். வேலி இல்லை, விளக்கு இல்லை, கேட்க ஆள் இல்லை. வவுனியாவிலோ கொழும்பிலோ கடல் கடந்தோ இருப்பவர் தனது காணியை மறந்திருக்கலாம். ஆனால் அந்தக் காணியில் உள்ள மணல் பக்கத்துக் காணியின் கிணற்றையும் காக்கிறது. நிலத்தின் மேலே வேலி போடலாம். நிலத்தின் கீழே உள்ள நீருக்கு வேலி கிடையாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரசை ஒவ்வொருவருக்கும் அந்த உரிமையைத் தந்துள்ளது. “எமது பிரதேசத்தில் மணல் அகழ எத்தனை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டுள்ளன? எந்த இடங்களில்? எத்தனை கியூப்?” என்று பிரதேச செயலகத்திடமோ சுரங்கப் பணியகத்திடமோ கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதனை எழுதி எடுக்க உதவ வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவும் உண்டு.

இரண்டாவது, அளப்பது. சங்கம் சங்கமாக, குறிச்சி குறிச்சியாக, சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வைக்கலாம். தண்ணீர் எந்த மாதம் உவர்க்கத் தொடங்கியது என்பதையும் கொப்பியில் எழுதலாம். இதற்குப் படிப்பு வேண்டாம், விடாமுயற்சி வேண்டும். வாய்முறைப்பாட்டை ஒதுக்கும் அலுவலகம், மூன்று வருடக் கணக்கை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது, வாங்கும்போது கவனிப்பது. வீட்டு வாசலில் மணல் இறங்கும்போது கடதாசியைக் காட்டும்படி கேட்பது எமது கடமை. கள்ள மணலுக்கு வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை.

நான்காவது, ஊரில் இல்லாதோர் தமது காணியைப் பார்க்க நம்பிக்கையான ஒருவரை நியமித்து, அதனைக் கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவித்து வைப்பது.

காரைநகரைப் பொறுத்தவரை ஒரு வசதியுண்டு. தரைவழியாக உள்ளே வரவும் வெளியே போகவும் பொன்னாலைப் பாலம் ஒன்றே உண்டு. மறுபக்கத்தில் ஊர்காவற்றுறைக்குப் போகும் பாதை. வன்னியைப் போல நூறு ஒழுங்கைகள் இல்லை. மணல் போகிறதா, வருகிறதா, எவ்வளவு என்பதை அறிய விரும்பினால் இரண்டு வாசலில் கவனம் வைத்தால் போதும். இவ்வளவு இலகுவாகப் பார்க்கக்கூடிய இடத்திலும் பாராமல் விட்டால், அதற்குச் சட்டத்தைக் குறைகூறிப் பயனில்லை.

போர் எமது வீடுகளை உடைத்தது. வீடுகளை மீண்டும் கட்டினோம்; கட்டி வருகிறோம். ஆனால் நன்னீர் இல்லாத ஊருக்கு எமது பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். மீள்குடியேற்றம் என்பது கூரையோடு முடிவதில்லை. கிணற்றில் அள்ளிக் குடிக்கக்கூடிய தண்ணீரோடுதான் அது நிறைவு பெறும். அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் வைத்திருப்பது மணல். அதனைக் காக்கும் பொறுப்பை அரசாங்கத்திடம் கேட்டுப் பெறுவோம். எமது பங்கை நாமும் செய்வோம்.