நைந்த புடவைதான் வேண்டும்

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வரும் பாத்திரக்காரம்மா துணி பார்ப்பதில் கெட்டிக்காரர். புடவையை வாங்கி உதறுவார், வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார், இரண்டு கட்டைவிரல்களாலும் ஓர் இழுப்பு இழுப்பார். தாங்கினால் மூட்டைக்குள், தாங்காவிட்டால் திண்ணையில். "இது நைஞ்சு போச்சுக்கா, ஒரு டம்ளர்கூட வராது" என்று ஒரு தடவை அவர் தள்ளியவை மூன்று: என் மாமியாரின் இரண்டு சுங்குடிப் புடவைகள், மாமனாரின் எட்டு முழ வேட்டி ஒன்று. அவர் தெருமுனை திரும்பியதும் மூன்றையும் மடித்து உள்ளே எடுத்து வைத்தேன். எனக்கு வேண்டியது நைந்ததுதான்.

இந்தப் பழக்கம் எனக்கு வங்காளத்திலிருந்து வந்தது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கிராமத்துப் பெண்கள் பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லி வளர்த்தார்களே, அந்தக் கந்தைக்கும் இதற்கும் ஒரே வேர். நாம் கசக்கிக் கட்டினோம், தூளி கட்டினோம், கடைசியில் அடுப்படியில் கரித்துணி ஆக்கினோம். அவர்கள் ஊசியை எடுத்தார்கள்.

தைக்கும் முறையில் கஷ்டமான தையல் எதுவும் இல்லை. பிளவுஸ் வெட்டியதும் டெய்லர் கோணாமல் இருக்க நூலோட்டம் போடுவாரே, அதேதான். ஊசி உள்ளே போகும், வெளியே வரும், அவ்வளவே. மூன்று நான்கு மடிப்புத் துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைகளில் கனம் வைத்து, முதலில் பெரிய பெரிய ஓட்டமாக ஓட்டித் துணிகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நடுவில் ஒரு தாமரை. நாலு மூலையிலும் மரமோ மாங்காயோ. இடையில் யானை, மீன், தேர், பல்லக்கு, கத்தரிக்கோல், பாக்குவெட்டி என்று கண்ணில் பட்டதெல்லாம். உருவங்கள் முடிந்த பிறகும் வேலை முடியாது. மிச்சமிருக்கிற வெள்ளை முழுவதையும் வெள்ளை நூலாலேயே, உருவத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, பொடி ஓட்டத்தில் நிரப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் காந்தாவைக் காந்தாவாக்குகிறது. நூல் இழுக்க இழுக்கத் துணி மெல்லச் சுருங்கி, குளத்தில் காற்று பட்ட மாதிரி அலை எழும்பும். கையால் தடவிப் பார்த்தால்தான் அது புரியும்.

இங்கேதான் பாத்திரக்காரம்மாவின் கட்டைவிரல் தீர்ப்பு தலைகீழாகிறது. புதுத் துணியை நாலு மடிப்பு அடுக்கினால் ஊசி முக்கி முனகித்தான் போகும். இழுத்த நூலுக்குத் துணி வளைந்து கொடுக்காது, விறைப்பாக நிற்கும். நூற்றுக்கணக்கான தடவை துவைத்து, காய்ந்து, உடம்போடு உரசி மெலிந்த பருத்தியில் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகிறது. தனியாக இழுத்தால் கிழியும் துணி, நாலாக அடுக்கி விரற்கடைக்குப் பத்துத் தையல் விழுந்த பிறகு இன்னொரு தலைமுறைக்குப் போர்வையாகத் தாங்குகிறது.

நூலும் பழசுதான். புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவியது. பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் அதிகம் தென்படுவதற்கு இதுவே காரணம். கரையில் இருந்த நிறம்தான் கையில் கிடைத்த நிறம். நானும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து உருவிப் பார்த்தேன். கரையை வெட்டி, ஊசிமுனையால் ஒரு இழையைக் கிளப்பி, விரல்நுனியில் சுற்றி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாண் நீளத்தில் அறுந்துவிடும். இரண்டு இழையைச் சேர்த்து, ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி, மறுநுனியைத் தொடையில் உருட்டி முறுக்கினால் தைக்கிற நூல் தயார். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தேறியது ஏழு நூல். அந்த ஏழும் ஒரு தாமரை இதழுக்குப் போதவில்லை.

ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் வங்காளத்துக் கிராமங்களில் திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தைத்ததும் ஒன்று; அந்தச் செய்தியையும் துணியிலேயே எழுத்தாகத் தைத்து வைத்திருக்கிறார். கோயில்களைப் பற்றி நமக்கு எழுதிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்தவை அமெரிக்காவில் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 1929-இல் கவிஞர் ஜசீமுத்தீன் எழுதிய ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைக்கவிதையின் நாயகி, பிரிந்த கணவனோடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, தன் கல்லறைமேல் அதை விரிக்கச் சொல்லிவிட்டுச் சாகிறாள். டைரி எழுத வாய்க்காதவர்களுக்கு இது டைரி.

இதே பழந்துணி வேலையைக் கர்நாடகத்தில் எல்லாபூர், ஹலியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்களும் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிப் ‘பூ’ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். சிலர் நடுவில் கடைசி ஒட்டை மூடுமுன் உள்ளே கொஞ்சம் அரிசி வைப்பதும் உண்டு. போர்த்திக்கொள்கிறவர் வயிறு காயக் கூடாது என்று.

சாய விஷயத்துக்கு வருகிறேன். கரை நூல் போதாதபோது நானே சாயம் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். ‘இயற்கைச் சாயம்’ என்றதும் பூவைக் கசக்கித் துணியில் தேய்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்திக்கு அப்படி எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும், பிறகு படிகாரம், அதற்குப் பிறகுதான் நிறம். மாமனாரின் வேட்டி காய்ந்த நிலையில் 400 கிராம் இருந்தது. 80 கிராம் கடுக்காய்த் தூளைக் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிழிந்து நிழலில் உலர்த்தினேன். வேட்டி மோர் நிறத்துக்கு வந்தது. மறுநாள் 60 கிராம் படிகாரம். மூன்றாம் நாள் மஞ்சிட்டி வேர்த் தூளைச் சிறு தீயில் சூடாக்கி வேட்டியை இறக்கினேன். கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும்; கை பொறுக்காத சூடு போதும். மஞ்சிட்டி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. சோழமண்டலக் கரையின் பழைய சிவப்பு இம்புறா என்கிற சாயவேரில் எடுத்தது. அந்த வேருக்குச் சாயக்காரன் இன்று எங்கே!

இந்த இடத்திலும் பழந்துணிதான் ஜெயித்தது. கோராத் துணியில் பருத்தியின் மெழுகும் தறியில் போட்ட கஞ்சியும் இருக்கும். சோடா போட்டு வேகவைத்தால்தான் சாயம் இறங்கும். வேட்டியிலோ அதையெல்லாம் முப்பது வருஷத்து வண்ணான் துறை போக்கியிருந்தது. ஆனால் எண்ணெயும் வேர்வையும் பட்ட இடங்களில் திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது. தோளில் கிடந்த பகுதி எது, இடுப்பில் செருகிய பகுதி எது என்று சிவப்பில் தனித்தனியாகத் தெரிந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "வெத்தலைப் பாக்கு மடிச்சு வைப்பாரே, அந்த முந்தி இது" என்றார்.

தவறும் செய்தேன். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்தால் கிடைக்கும் நீர், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகும். கலம்காரிக்காரர்களின் கறுப்பு அது. ஆசையில் சுங்குடியின் ஒரு துண்டை அதில் முக்கினேன். இரண்டே வருஷத்தில் கறுப்பு இருந்த இடமெல்லாம் பொடிந்து உதிர்ந்தது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் பருத்தியை அரிக்கும். பழைய சித்திரத் துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் ஓட்டையாக இருப்பதும் அதனால்தான். நைந்த துணிக்குக் கறுப்பு ஆகாது. மஞ்சளையும் நம்பாதீர்கள், நாலு நாள் வெயிலுக்குத் தாங்காது. மாதுளைத் தோல் தாங்கும்.

அவுரி நீலம் தனி ஜாதி. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்துப் புளிக்க வைத்தால் தொட்டித் தண்ணீர் மஞ்சள் பச்சையாக மாறும். முக்கி எடுத்த துணியும் முதலில் பச்சைதான். காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்து பார்க்கிறேன். இந்த நீலத்துக்காகத்தான் வங்காள விவசாயிகளை வெள்ளைத் தோட்டக்காரர்கள் கசக்கிப் பிழிந்தார்கள். 1859-இல் நீலக் கலகம் வெடித்தது. 1897-இல் ஜெர்மனியிலிருந்து ரசாயன நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரி வியாபாரம் படுத்தது. காந்தாவில் ஓடும் நீல இழையைப் பார்க்கும்போது இதுவும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

இப்போது கடைகளில் காந்தா என்று விற்பது பெரும்பாலும் புது டஸர் பட்டில் ஒற்றை மடிப்பில் போட்ட பூ வேலை. அழகாக இருக்கிறது, பல பெண்களுக்குக் கூலி கிடைக்கிறது, நானும் ஒன்று வாங்கினேன். ஆனால் அடுக்கு இல்லை, அலை இல்லை. அதை எம்ப்ராய்டரி என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

என் விரிப்பு இரண்டரை முழ நீளம். ராத்திரி சீரியல் நேரத்தில் மட்டும் தைத்ததில் பதினான்கு மாதம் ஆனது. வேட்டியின் சிவப்பு மேலே, சுங்குடிகள் உள்ளே.

உங்கள் வீட்டுப் பழம்புடவையிலும் தைத்துப் பார்க்க ஆசையென்றால் முதலில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக உறைந்தால் பாலியெஸ்டர் கலந்தது, அதைப் பாத்திரக்காரம்மாவிடமே கொடுத்துவிடலாம். பருத்தியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், கரையை மட்டுமாவது வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.