தளத்தில் நிற்பவர் – 9: ஒரு மின்கம்பி முடிச்சு

முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல் கட்டும் தளங்களில் வேலை கற்றுக்கொடுப்பதற்காகச் சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகளைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் உரசல் வரும்போது என்ன செய்வது என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு முடிச்சைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. உரசல்களில் பெரும்பகுதி எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கும் அதற்குள்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1940 கோடையில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை என்றாலும் அங்குள்ள ஆலைகளில் தளவாட ஆர்டர்கள் குவியத் தொடங்கின. ஆர்டர் இருந்தது, இயந்திரமும் வந்துகொண்டிருந்தது. வேலை தெரிந்த கைகள்தாம் இல்லை. பத்தாண்டுப் பொருளாதார மந்தத்தில் பல ஆலைகள் புதியவர்களைப் பழக்குவதையே விட்டிருந்தன. அந்த ஆகஸ்டில் ‘ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுப் பிரிவு தொடங்கப்பட்டது. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. அதற்குத் தலைமை ஏற்ற சானிங் டூலி எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்தவர்; துணை நின்ற வால்ட்டர் டீட்ஸ், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்தவர். அவர்கள் முன் வந்த முதல் நெருக்கடிகளில் ஒன்று லென்ஸ் தீட்டுவோர் பற்றாக்குறை. அரசு ஆயுதசாலைகளுக்கு 350 பேர் தேவை. நல்ல லென்ஸ் தொழிலாளி உருவாக ஐந்து ஆண்டாகும் என்பது துறையில் இருந்தவர்களின் கணக்கு. டி.டபிள்யூ.ஐ. அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தது. உண்மையான கைத்திறன் கேட்கும் பகுதி கொஞ்சம்தான் என்பது தெரிந்தது. மற்றதைப் புதியவர்களிடம் கொடுக்கலாம். அந்தக் கொஞ்சத்திலும் கைநுணுக்கங்களைத் தனியே எடுத்துக் கற்றுக்கொடுத்தபோது ஐந்தாண்டுக் கணக்கு சில மாதங்களாகச் சுருங்கியது. இந்த அனுபவத்தோடு ஆலனின் நான்கு படிகளும் சேர்ந்து உருவானதுதான் ‘ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற பத்து மணி நேர வகுப்பு. இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், ஒரு குழுவில் பத்துப் பேர் அளவில்.

இனி அந்த முடிச்சு. உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் ஃபோர்மேன்கள். இயந்திரங்களோடு பல காலம் பழகியவர்கள். பயிற்சியாளர் அவர்களில் ஒருவரை முன்னால் அழைக்கிறார். இரட்டை இழை விளக்கு ஒயரில் எலக்ட்ரீஷியன்கள் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் விளக்குகிறார்: முறுக்கை ஆறு அங்குலம் பிரிக்க வேண்டும், வலது இழையை வளைத்து ஒயருக்கு முன்பக்கமாகக் கொண்டுவர வேண்டும், இடது இழையை அதன் நுனிக்கு அடியில் விட்டு ஒயரின் பின்பக்கமாகச் சுற்றி வலது வளையத்துக்குள் நுழைக்க வேண்டும், பிறகு நுனிகளைச் சமமாக்கி இறுக்க வேண்டும். சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் கேட்டவரால் முடிச்சுப் போட முடிவதில்லை. அடுத்து இன்னொருவர் வருகிறார். இப்போது பயிற்சியாளர் வாய் திறப்பதில்லை. போட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். பார்த்தவரின் கையும் பாதியில் நின்றுவிடுகிறது. எந்த இழை எதற்கு முன்னால் போனது என்பது கண்ணில் பட்டும் மனத்தில் பதியவில்லை.

மூன்றாமவரை அழைக்கும்போதுதான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. பயிற்சியாளர் முதலில் அவருடைய பதற்றத்தைத் தணிக்கிறார். இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கிறார். ஒயரை யாராவது இழுத்தாலும் ஸ்க்ரூவில் மாட்டிய முனை கழன்றுவிடாமல் இந்த முடிச்சு தாங்கிக்கொள்ளும் என்று வேலையின் பயனைச் சொல்கிறார். தன் கை சரியாகத் தெரியும் இடத்தில் அவரை நிறுத்துகிறார். அதன் பிறகே படிப்படியாகச் செய்து காட்டுவது. மறுமுறை செய்யும்போது நுணுக்கங்களை அழுத்திச் சொல்கிறார். பிறகு அவரைச் செய்ய வைக்கிறார், பிசகினால் அங்கேயே திருத்துகிறார். மீண்டும் செய்யச் சொல்லி, இந்த முறை நுணுக்கங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். கடைசியில் தனியே விடுகிறார். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டிவிட்டு, தொடக்கத்தில் அடிக்கடி வந்து பார்க்கிறார், போகப் போக அதைக் குறைத்துக்கொள்கிறார். ஆயத்தப்படுத்துவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, தொடர்ந்து கவனிப்பது: நான்கு படிகள் இவைதாம். இந்த மூன்றாமவர் முடிச்சைப் போட்டுவிடுகிறார்.

இந்தச் செய்முறையை வகுத்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். தொழிலாளியிடம் பொறுமை வேண்டும், அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் அது காதோடு போய்விடும். இங்கேயோ வேலையில் தேர்ந்த ஒருவர், சக ஃபோர்மேன்களின் கண் முன்னால், எளிய முடிச்சு ஒன்றில் தோற்கிறார். தன் ஆலையில் சேர்ந்த முதல் நாள் தடுமாறும் புதியவரின் நிலையை அவர் சில நிமிடங்கள் அனுபவித்தே அறிகிறார். தோல்விக்குக் காரணம் தன் அறிவுக் குறைவல்ல என்பது அவருக்குத் தெரியும். சொன்ன விதமும் காட்டிய விதமும்தான் காரணம். அப்படியானால் தான் சொல்லிக்கொடுத்த புதியவரும் அப்படித்தானே தோற்றிருப்பார் என்ற எண்ணம் அடுத்து எழுந்தே தீரும். தொழிலாளிக்கு வேலை பிடிபடவில்லை என்றால் குறையை முதலில் கற்றுக்கொடுத்தவரிடம் தேட வேண்டும் என்பதே டி.டபிள்யூ.ஐ.யின் கொள்கை. இதை உத்தரவாகச் சொல்லியிருந்தால் ஃபோர்மேன்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

என் வாதம் இதுதான். ஆட்களை நடத்தும் திறமை என்று நாம் பேசும்போது கண்டிப்பது, தட்டிக்கொடுப்பது, சமாதானம் செய்வது ஆகியவற்றையே நினைக்கிறோம். அவையெல்லாம் பின்னால் வருபவை. அலட்சியம், சொன்ன பேச்சு கேட்பதில்லை, திரும்பத் திரும்ப அதே தவறு என்று மேற்பார்வையாளர்கள் அடுக்கும் குற்றச்சாட்டுகளில் பெரும்பங்கு, சரியாகக் கற்றுக்கொடுக்காததன் விளைவு. தவறாகச் செய்தவருக்குத் திட்டு விழுகிறது. திட்டு வாங்கியவர் கேள்வி கேட்க அஞ்சுகிறார். கேட்காததால் அடுத்த தவறு வருகிறது. அதற்குள் அவருக்கு அலட்சியக்காரர் என்ற பெயரும் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு எந்த இனிய பேச்சாலும் அந்தப் பெயரைத் துடைப்பது கடினம்.

கற்றுக்கொடுப்பதற்கு முன் மேற்பார்வையாளர் ஒரு தாளில் வேலையை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த வகுப்பின் கட்டாயம். ஒரு பக்கம் முக்கியப் படிகள். எதிரே ஒவ்வொரு படிக்கும் உரிய நுணுக்கம். எது நுணுக்கம் என்பதற்கும் அளவுகோல் உண்டு: வேலையை ஆக்குவதோ கெடுப்பதோ, ஆளுக்குக் காயம் உண்டாக்கக் கூடியதோ, வேலையை எளிதாக்கும் கைவாகோ. எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், பல ஆண்டு அனுபவசாலி தன் கை செய்வதில் எவ்வளவைச் சொல்லாமலே விட்டுவந்திருக்கிறார் என்பது. பழகிய கைக்கு அதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. புதியவர் விழுவதோ சரியாக அந்த இடத்தில்தான்.

எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும் சிலருக்கு வராது, அதற்கும் மேற்பார்வையாளர்தான் பொறுப்பா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் எல்லா வேலையும் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு வேலை வராது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, முறையாகக் கற்றுக்கொடுத்து முடித்தவருக்குத்தான் உண்டு. நான்கு படிகளையும் கடந்த பிறகும் வராவிட்டால் அது அந்த ஆளைப் பற்றிய தகவல். அதற்கு முன்னால் வரும் தோல்வி கற்பித்தலைப் பற்றிய தகவல் மட்டுமே. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: உற்பத்திக் கணக்கு தலைக்கு மேல் தொங்கும்போது ஒவ்வொரு புதியவருக்கும் இப்படி நேரம் செலவிட முடியுமா? போர்க்கால ஆலையைவிட அவசரமான ஆலை எது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. முதல் நாள் மிச்சப்படுத்திய நேரத்தை, கழிவாகவும் மறுவேலையாகவும் விபத்தாகவும் பின்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மேலிடம் அந்த நேரத்தை ஒதுக்கித் தராவிட்டால் மேற்பார்வையாளர் தனியே எதையும் சாதிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் குற்றம் மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுடையது.

இது உண்மையிலேயே பலன் தந்ததா? 1945 செப்டம்பரில் மூடப்படும்வரை டி.டபிள்யூ.ஐ. 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் அதிகமானோருக்குச் சான்றிதழ் வழங்கியது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட நிறுவனங்களில் 86 சதவீதம், உற்பத்தி குறைந்தது கால்பங்காவது உயர்ந்ததாகத் தெரிவித்தன என்கிறது அதன் இறுதிக் கணக்கு. இந்த எண்ணை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். தன் வேலையைத் தானே அளந்த துறையின் கணக்கு அது. போர்க்காலத்தில் எல்லா ஆலைகளிலும் உற்பத்தி ஏறிக்கொண்டுதான் இருந்தது. நம்பத் தகுந்த சான்று பின்னால் வந்தது. நிக்கோலா பியான்கி, மிக்கேலா ஜோர்செல்லி என்ற இரு பொருளியலாளர்கள், பயிற்சிக்கு விண்ணப்பித்த 11,575 அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2022-ல் கட்டுரை வெளியிட்டார்கள். விண்ணப்பித்த எல்லோருக்கும் பயிற்சி அளிக்க அரசிடம் வசதி இருக்கவில்லை. கிடைத்தவர்களையும் கேட்டும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட அது வாய்ப்பானது. பயிற்சி பெற்ற நிறுவனங்களின் முன்னேற்றம் பத்தாண்டு வரை நீடித்தது. அவற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நிறுவனங்களுக்கும் பரவியது. பத்து மணி நேர வகுப்புகள் சில இத்தனை காலம் வேலை செய்திருக்கின்றன என்பது என்னை வியக்க வைக்கிறது.

அப்படியானால் அமெரிக்கா ஏன் கைவிட்டது? போர் முடிந்ததும் அரசு விலகிக்கொண்டது. அனுபவசாலிகள் ராணுவத்திலிருந்து திரும்பினார்கள். விற்பதெல்லாம் விற்ற காலத்தில் கற்றுக்கொடுக்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. இதை முறையின் தோல்வி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதே முறையை, போருக்குப் பின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான் ஏற்றுக்கொண்டு விடாமல் வைத்திருந்தது. இதைக் கற்றுக்கொடுக்க அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து லோவெல் மெல்லன் என்பவரின் குழு 1951-ல் அங்கே போனது. டொயோட்டா அதே ஆண்டில் இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. டொயோட்டா முறை என்று இன்று உலகம் படிக்கும் பலவற்றுக்கு அடியில் இந்த நான்கு படிகள் கிடக்கின்றன.

உரசல்களுக்கான வகுப்பு, ‘ஜாப் ரிலேஷன்ஸ்’, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. அதுவும் நான்கு படிகள்தான். முதல் படி தகவல் திரட்டுவது. மாற்றம் வருவதை, அது பாதிக்கப்போகும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. மேலிடமே கடைசி நிமிடம்வரை எதையும் சொல்லாதபோது மேற்பார்வையாளர் எதை முன்கூட்டிச் சொல்வார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம்.