கைத்துப்பாக்கியின் பிடிப் பொருத்தம்

கைத்துப்பாக்கியின் பிடிப் பொருத்தம் என்பது, சுடுபவரின் கையளவு, விரல் நீளம், மணிக்கட்டின் இயல்பான கோணம் ஆகியவற்றுக்கு ஒரு கைத்துப்பாக்கியின் பிடி, விசை, எடைப் பரவல் முதலியன எந்த அளவு இயைந்துள்ளன என்பதைக் குறிக்கும். பணிச்சூழலியலின் ஒரு சிறு பகுதியாகக் கருதத்தக்க இப்பொருள், குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலும் படைக்கருவிகளின் வடிவமைப்பிலும் நெடுங்காலமாகக் கவனம் பெற்று வருகிறது.

நீள்துப்பாக்கியை நின்று சுடும்போது தோள், கன்னம், இரு கைகள் என நான்கு இடங்கள் அதனைத் தாங்குகின்றன. கைத்துப்பாக்கிக்குக் கையைத் தவிர வேறு தாங்கல் இல்லை. ஒலிம்பிக் போட்டிகளில் ஒரு கையால் மட்டுமே அதனைப் பிடிக்க விதி இடமளிக்கிறது. ஆகவே பிடியில் உள்ள ஓரிரு மில்லிமீட்டர் பொருத்தமின்மையும் இலக்கில் பெரிதாகத் தெரியும்.

கோணப் பிழையும் இணைப் பெயர்ச்சியும்

கைத்துப்பாக்கியில் குறிபார்ப்பதற்கு இரு உறுப்புகள் உள்ளன. குழல்வாய்க்கு அருகே நிற்பது குறிமுள். சுடுபவரின் கண்ணுக்கு அருகே உள்ளது காடி. காடியின் நடுவில், இருபுறமும் சம இடைவெளி விட்டு, மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் அமையுமாறு குறிமுள் தெரிய வேண்டும்.

இதில் இருவகைப் பிழைகள் நேரலாம். முதலாவது, கை முழுவதும் சற்றே பக்கவாட்டில் நகர்வது. குறிமுள்ளும் காடியும் ஒன்றாகவே நகர்வதால் அவற்றின் ஒழுங்கு கெடுவதில்லை. கை 5 மி.மீ. நகர்ந்தால் குண்டும் இலக்கில் 5 மி.மீ. மட்டுமே விலகும். இரண்டாவது, மணிக்கட்டு திரும்புவதால் காடிக்குள் குறிமுள் ஒதுங்குவது. இது கோணப் பிழை. தொலைவு கூடக்கூட இது பெருகும்.

10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். இதில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குறிமுள்ளுக்கும் காடிக்கும் இடையே 320 மி.மீ. தொலைவு உள்ளதாகக் கொள்வோம். கை 5 மி.மீ. இணையாக நகர்ந்தால் புள்ளி 10 ஆகவே இருக்கும். ஆனால் குறிமுள் காடிக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 31 மி.மீ. விலகலாகும். கிடைக்கும் புள்ளி 7. புதிதாகப் பயில்வோர் பலரும் கைநடுக்கமே தம் குறை என்று கருதி வருந்துகின்றனர். நடுக்கத்தின் பெரும்பகுதி இணைப் பெயர்ச்சியே, அது மன்னிக்கத்தக்கது. மணிக்கட்டின் திருப்பமே உண்மையான எதிரி, அதனைத் தூண்டுவதில் பொருந்தாத பிடிக்குப் பெரும்பங்கு உண்டு.

பிடியின் சாய்வும் இயல்நோக்கும்

கையை உயர்த்தி நீட்டும்போது மணிக்கட்டு தானாக ஒரு கோணத்தில் நிற்கும். பிடியின் சாய்வு அக்கோணத்துக்கு ஒத்திருந்தால், குறிமுள் முயற்சியின்றிக் காடியின் நடுவில் வந்து நிற்கும். சாய்வு மிகுந்தால் குழல்வாய் மேல்நோக்கும், குறைந்தால் தாழும். சுடுபவர் மணிக்கட்டை வளைத்து அதனைத் திருத்திக்கொள்ள இயலும். ஆனால் தசையின் இழுப்பால் பெற்ற திருத்தம் களைப்பு ஏற ஏற நழுவும். 60 குண்டுகளை 75 நிமிடங்களில் சுடவேண்டிய போட்டியில் இந்நழுவல் பெரும்பாலும் பிற்பகுதியிலேயே வெளிப்படும். தொடக்கத்தில் நன்றாகச் சுட்டவர் இறுதியில் ஏன் சரிந்தார் என்பதற்கு மன அழுத்தத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது எப்போதும் சரியன்று.

பொருத்தத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குண்டு இடப்படாத கைத்துப்பாக்கியைப் பிடித்து, கண்களை மூடி, இலக்கை நோக்கிக் கையை உயர்த்தி, பின்னர் கண்களைத் திறந்து பார்க்க வேண்டும். குறிமுள் காடியின் நடுவில் இருந்தால் பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் மாற்றவேண்டியது பிடியையே. குறிமுள்ளும் காடியும் ஒழுங்காக இருந்து, இலக்கு மட்டும் விலகியிருந்தால் கால்களின் நிலையை மாற்றினால் போதும்.

விசையும் சுட்டுவிரலும்

டிரிகர் எனப்படும் விசையைச் சுட்டுவிரலின் முதற்கணுவின் சதைப்பகுதியால் நேர்பின்னாக அழுத்த வேண்டும். விரல் குட்டையாக இருந்தால் நுனி மட்டுமே விசையை எட்டும், அப்போது அழுத்தம் பக்கவாட்டில் திரும்பும். எட்டாத விசையை எட்டுவதற்காகச் சிலர் உள்ளங்கையைப் பிடியைச் சுற்றி நகர்த்திக்கொள்வர். அவ்வாறு செய்தால் குழல் முன்கையின் நேர்கோட்டில் இராது. பின்னுதைப்பு பெருவிரலின் கணுவில் விழும். விரல் மிக நீண்டிருந்தாலும் இடர்ப்பாடு உண்டு. விசை இரண்டாம் கணுவில் சிக்கி, விரல் பிடியின் பக்கத்தை உரசித் தள்ளும்.

எடைகளை ஒப்பிட்டால் இதன் கடுமை புலப்படும். 25 மீட்டர் போட்டிக் கைத்துப்பாக்கியின் விசைக்குக் குறைந்தது 1000 கிராம் அழுத்தம் தேவை. கைத்துப்பாக்கியின் எடையோ 1400 கிராமுக்கு மேற்படக் கூடாது. அதாவது கருவியின் எடைக்கு நெருங்கிய ஓர் அழுத்தத்தை, கருவி அசையாமல், ஒற்றை விரலால் தரவேண்டும். முதற்குண்டுக்கு நீண்ட இழுப்புத் தேவைப்படும் படைத்துறைக் கைத்துப்பாக்கிகளில் இவ்வழுத்தம் கருவியின் எடையைப் போல் பல மடங்கு.

சுட்டுவிரல் மடங்கும்போது ஏனைய விரல்களும் உடன் இறுகுவது கையின் இயல்பு. பிடி மிக மெலிதாயின் விரல்நுனிகள் உள்ளங்கையில் குத்தி, இவ்விறுக்கம் குழல்வாயைக் கீழிழுக்கும். பிடி உள்ளங்கையை நிறைத்திருந்தால் அதே இறுக்கத்தின் விளைவு குறையும்.

பின்னுதைப்பு

குழலின் அச்சு கைக்கு மேலே இருப்பதால், சுடும்போது கருவி பின்னே தள்ளப்படுவதோடு மேல்நோக்கியும் சுழல்கிறது. குண்டு குழலைக் கடக்கும் ஒருசில மில்லி நொடிகளிலேயே இச்சுழற்சி தொடங்கிவிடுகிறது. எனவே பிடிக்கும் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவை எவ்வளவு மேலே, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமைகிறதோ அவ்வளவுக்கு நன்று.

இக்கருத்தை எல்லை வரை கொண்டுசென்றது, 1950களில் சோவியத் ஒன்றியத்தில் உருவான எம்.ட்ஸ்.-3 'ரெக்கார்ட்' என்ற கைத்துப்பாக்கி. அதன் பொறியமைப்பு தலைகீழாக வைக்கப்பட்டு, குழல் ஏறத்தாழக் கையின் மட்டத்துக்கே இறக்கப்பட்டிருந்தது. உதைப்பு நேரே முன்கைக்குள் சென்றது. இத்தகைய வடிவங்களைப் பன்னாட்டுப் போட்டி விதிகள் பின்னர் விலக்கின.

படைத்துறையில்

ஒரே கருவியைப் பல்லாயிரம் பேருக்கு வழங்கும் படைகளுக்கு இச்சிக்கல் வேறு வகையானது. அமெரிக்கப் படையின் எம்1911 கைத்துப்பாக்கி, முதல் உலகப் போரின் பட்டறிவுக்குப் பின் திருத்தப்பட்டு, 1926இல் எம்1911ஏ1 எனப் பெயர் பெற்றது. விசை குட்டையாக்கப்பட்டது, விரல் எளிதில் எட்டுவதற்காக விசைக்குப் பின்னுள்ள சட்டகத்தின் இருபுறமும் குடைந்து எடுக்கப்பட்டன, பிடியின் பின்புறம் உள்ளங்கையை நிறைக்குமாறு வளைவாக்கப்பட்டது, சுத்தி கையின் தோலைக் கடிக்காதிருக்க மேற்புற நீட்சி நீளமாக்கப்பட்டது. உள்ளியக்கத்தில் மாற்றம் ஏதும் இல்லை. ஏறக்குறைய எல்லாத் திருத்தங்களும் கையின் பொருட்டே செய்யப்பட்டன.

1985இல் அதன் இடத்துக்கு வந்த பெரெட்டா எம்9, 15 தோட்டாக்களை இரட்டை வரிசையில் கொண்டது. ஆகவே பிடி தடித்தது. சிறிய கையினருக்கு, குறிப்பாகப் பெண் வீரர் பலருக்கு, முதற்குண்டின் விசை எட்டாத் தொலைவில் இருந்தது என்ற குறை நீடித்தது. 2017இல் தெரிவான எம்17 வகைக்குச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் மாற்றத்தக்க பிடிகள் உண்டு. சராசரிக் கை என்ற ஒன்றைக் கற்பனை செய்து அதற்கென வடிவமைத்தால், அவ்வளவில் அமையாத ஒவ்வொருவரும் திறன் குறைந்தவராகப் பதிவாவர் என்பதை ஏற்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

விளையாட்டில்

போட்டிக் கைத்துப்பாக்கிகளின் பிடிகள் பெரும்பாலும் அக்ரூட் மரத்தால் ஆனவை. விரல்களுக்குப் பள்ளங்களும், உள்ளங்கையின் அடிப்பகுதி அமரத் திருகாணியால் நகர்த்தத்தக்க தாங்கியும் இவற்றில் இருக்கும். அளவு பார்த்து வாங்கிய பின்னும் வேலை முடிவதில்லை. கை அழுந்தும் இடத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தும், இடைவெளி உள்ள இடத்தை மரப்புட்டியால் நிரப்பியும் வீரர்கள் பல வாரங்கள் திருத்துவர். சிறிது சிறிதாகத் தேய்ப்பதே நன்று. நீக்கிய மரம் திரும்பி வராது. வெப்பத்தில் கை சற்று வீங்கும் என்பதால், குளிர்ந்த அறையில் கச்சிதமாக இருந்த பிடி வெயிற்காலத்தில் இறுக்கமாகத் தோன்றக்கூடும்.

10 மீட்டர், 25 மீட்டர் போட்டிகளில் பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. தாங்கி மேல்நோக்கி வளையவும் கூடாது. 50 மீட்டர் கைத்துப்பாக்கியில் இத்தடை இல்லை. மணிக்கட்டை மூடாதவரை பிடி கையுறை போலவே கையைச் சூழலாம். இப்போட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

2024 பாரிசு ஒலிம்பிக்கில் 10 மீட்டர் கலப்பு அணிப் போட்டியில் துருக்கியின் யூசுப் டிகெச், செவ்வால் இலாய்தா தர்கான் இணை வெள்ளி வென்றது. (இதே போட்டியில் இந்தியாவின் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் இணை வெண்கலம் பெற்றது.) சிறப்பு வில்லைகள் இன்றி, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டு நின்ற டிகெச், கருவித் துணையின்றிச் சுட்டவராகப் பரவலாகப் பேசப்பட்டார். அவர் கையில் இருந்ததும் கையின் வடிவுக்கேற்ற பிடி கொண்ட போட்டிக் கைத்துப்பாக்கியே. மற்றக் கையைப் பையில் இடுவது இவ்விளையாட்டில் பொது வழக்கம்.

குறையை இனங்காணல்

குண்டுகள் இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ தொடர்ந்து விழும்போது, சுடுபவர் வெடியோசைக்கு அஞ்சி வெட்டியிழுக்கிறார் என்று பயிற்றுநர் முடிவு செய்வது வழக்கம். சிறிய கை உடையோர் மீது இப்பழி எளிதில் விழுகிறது. இரண்டையும் வேறுபடுத்த வழி உண்டு. பயிற்றுநரின் மேற்பார்வையில், குண்டின்றி விசையை அழுத்தும்போதும் குறிமுள் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் அசைந்தால் அச்சத்துக்கு அங்கு இடமில்லை. பிடியோ விசையின் தொலைவோ பொருந்தவில்லை. குண்டின்றி அசையாத குறிமுள், குண்டு இருப்பதாக எண்ணும்போது மட்டும் தாழ்ந்தால் அது அச்சமே. முன்னதற்கு எத்தனை ஆயிரம் குண்டுகள் சுட்டுப் பழகினாலும் பயன் சிறிது. தவறான பழக்கமே உறுதிப்படும்.

இடக்கையர்

உடற்கூற்றுப் பிடி ஒரு கைக்கு மட்டுமே உரியது. வலக்கைப் பிடியை இடக்கையால் பற்ற இயலாது. அங்கேரியப் படைவீரர் கரோலி தகாக்சு 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை படுகாயமுற்றபின், இடக்கையால் சுடப் பயின்றார். 1948 இலண்டன், 1952 எல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளில் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். பெரும்பாலான போட்டிக் கைத்துப்பாக்கிகளுக்கு இடக்கைப் பிடிகளும் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் பயிற்சி மன்றங்களில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் வலக்கையினருக்கு உரியவையே என்பதால், இடக்கையரான மாணவர் தொடக்கத்திலேயே தமக்கென ஒரு பிடியைத் தேடவேண்டியிருக்கிறது.