பாலாற்றைப் படம்பிடிக்கப் போகுமுன்

ஆண்டின் பெரும்பகுதியில் பாலாறு ஓர் ஆறாகவே தோன்றுவதில்லை. அகன்ற மணல்வெளியாகக் கிடக்கிறது. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தின் ஒரு மூலையைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கடலை நோக்கிச் செல்லும் இவ்வாற்றில் இரு கரையும் தொட்டு நீர் ஓடுவது அரிய நிகழ்ச்சி. 2021 நவம்பரில் அவ்வாறு ஓடியது. வெள்ளம் வரும் நாட்களில் தோல் கழிவுநீரும் கலந்துவிடப்படுகிறது, நீரில் வெண்ணுரை மிதக்கிறது என்று கரையோர மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் இப்பகுதித் தோல் கழிவைப் பற்றியதே.

இத்தகைய ஆற்றை நாளும் நேரமும் குறித்து வீடியோவில் பதிவு செய்து வைத்தால், அது பின்னாளில் பயன்படும் ஆவணம். ஆனால் வெள்ளம் வந்த அன்று காமிராவின் வில்லையில் மூட்டம் படிந்திருந்தால்? மின்கலம் தீர்ந்து போயிருந்தால்? அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலாற்றை விட்டு மேலே சவ்வாது மலைக் காடுகளுக்குள், அமிர்தி ஓடையையோ செய்யாற்றின் தலைப்பகுதியையோ தேடிப் போகிறவர்களுக்கு இன்னும் தொல்லை. அங்கே மின்சாரமும் இல்லை, பழுது பார்க்கும் கடையும் இல்லை. எனவே ஆயத்தம் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

தோல் உறை நல்லதா?

ஆம்பூர் வட்டாரத்தில் இப்படிக் கேட்பது சிலருக்கு வருத்தம் தரலாம். காமிராவுக்கு அழகான தோல் உறை போடுவது பழைய வழக்கம். அடிபடாமல் காப்பதில் தோலுக்கு நிகர் குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் காமிராவை அதற்குள் பூட்டி வைப்பது தவறு. தோல் என்பது கொலாஜன் என்னும் புரத நார்களின் பின்னல். அந்நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தேக்கி வைத்துக்கொள்ளும். தோலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்கள் பூஞ்சைக்கு உணவாகும். ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலில், குரோம் உப்பால் பதனிட்டதைவிட எளிதில் பூஞ்சணம் பூக்கும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் கிடந்த செருப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அதே பூஞ்சை வில்லைக்கும் பரவும். கண்ணாடி அதற்கு உணவன்று. அதன்மேல் படிந்த தூசியும் விரல் பட்ட எண்ணெய்ப் பசையுமே போதும். நூல் நூலாகப் படரும் பூஞ்சை வெளியிடும் அமிலம், வில்லையின் மெல்லிய மேற்பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தழும்பு மறையாது.

மாற்று வழி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். ஏற்றுமதிக் காலணிப் பெட்டிக்குள் இடுகிறார்களே, அந்தச் சிறு பொட்டலம்தான். சிலிக்கா மணியினுள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. நீராவி அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் நிறைந்த மணிகளைத் தட்டில் பரப்பி ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். ஆனால் எழுத்தொன்றும் இல்லாத பொட்டலத்தை நம்ப வேண்டாம். பூஞ்சையைக் கொல்ல டைமெத்தில் பியூமரேட் என்ற வேதிப்பொருளைப் பொட்டலமாக வைத்த நாற்காலிகளும் காலணிகளும் ஐரோப்பாவில் பலருக்குத் தோல் புண்ணை உண்டாக்கின. 2009 இல் அங்கு அதற்குத் தடை விதித்தனர்.

மூட்டம் ஏன் படிகிறது?

வேலூர் விடுதியில் 24 டிகிரிக்குக் குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் காமிரா இருக்கிறது. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தன்னிடமுள்ள நீராவியை நீராக விட்டுவிடும். இதுவே பனிநிலை. 24 டிகிரியில் உள்ள வில்லையை அக்காற்றில் நீட்டியதும் நீர் படிவதில் வியப்பென்ன? துடைக்கத் துடைக்கப் படியும். அறையிலேயே காமிராவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைக் கட்டிவிட்டு, வெளியே கொண்டு வந்து அரை மணிக்கு மேல் பொறுத்திருங்கள். ஈரம் பையின் மேல் படியும், வில்லை தப்பும்.

வீட்டில் போட வேண்டிய கணக்கு

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் உயர்தர வீடியோவை எடுத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750 மெகாபைட். 64 கிகாபைட் அட்டை ஏறத்தாழ 85 நிமிடத்தில் நிரம்பிவிடும். மின்கலத்துக்கும் இவ்வாறே: 7.2 வோல்ட், 1,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 7.2 வாட் மணி. காமிரா 4 வாட் உண்டால் இரண்டு மணிக்கும் குறைவு. ஏட்டுக் கணக்கை நம்பாமல் ஒருநாள் மொட்டை மாடியில் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். வேலூர் வெயிலில் சூடேறி நின்றுவிடும் கருவியும் உண்டு. லித்தியம் மின்கலத்தை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் செய்யலாகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகம் இருக்கும்.

ஒரு வடிகட்டியும் உடன் இருக்கட்டும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. பரப்புக்கு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் நோக்கும்போது இவ்விளைவு உச்சத்தை அடைகிறது. முனைவாக்கும் வடிகட்டியைத் திருப்பினால் அந்தத் தெறிப்பு மறைந்து, நீரின் உண்மை நிறம் தெரியும். கழிவுநீரின் நிறத்தைப் பதிவு செய்ய வந்தவருக்கு இது இல்லாமல் முடியாது.

நீரில் விழுந்தால்

ஐபி 67 என்று பொறித்த கருவி, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி தாங்கும் என்று சோதித்தது. பாலாற்றுக் குட்டை நீர் எல்லா இடத்திலும் நன்னீர் அன்று. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். டேனரியில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கலக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த கருவியில் மின்னோட்டம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செம்பு இணைப்புகள் அரிபடுகின்றன. ஆகவே முதலில் மின்கலத்தைக் கழற்றுங்கள். 'வேலை செய்கிறதா' என்று பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை: அரிசி ஈரத்தை மெல்லத்தான் ஈர்க்கும், தவிட்டுத் தூளோ உள்ளே புகும். பதிவு அட்டையை மட்டும் எடுத்து, நல்ல நீரில் அலசி நன்றாக உலர்த்துங்கள். காமிரா போனாலும் அட்டையில் பதிந்த காட்சி பெரும்பாலும் பிழைத்திருக்கும்.