கண்ணாடிச் செங்கல்: வெளிச்சமும் வெப்பமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கண்ணாடி என்றதும் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். ஆரணியில் பிறந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும். அதுதான் கண்ணாடி ஓடு. கொசப்பாளையம் போன்ற பகுதிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால், சிவப்பு ஓடுகளுக்கு இடையே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள் பதிந்திருக்கக் காணலாம். அவற்றின் கீழே பெரும்பாலும் ஒரு குழித்தறி இருக்கும். பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்துப் பிணைக்க வேண்டுமே! அதற்கு வெளிச்சம் வேண்டும். மின்விளக்கு வருவதற்கு முன்பு நெசவாளியின் விளக்கு அந்தக் கண்ணாடி ஓடுதான்.

ஆனால் அந்த ஓட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உச்சிப் பொழுதில் வெயிலை வடிகட்டாமல் அப்படியே கீழே இறக்கிவிடும். சூரியன் நகர நகர, வெயில் வட்டமும் பாவின் மேல் நகரும். சாயம் வெளுக்கும், தறியில் இருப்பவருக்குத் தலை காயும். ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்பீர்கள். திறந்தால் தெருப்புழுதி பட்டில் படியும். கோடையில் அனல் காற்று புகுந்து இழையை உலர்த்தி அறுக்கும். மூடினாலோ இருட்டு. நெசவு வீடுகளில் இது அன்றாடச் சங்கடம்.

எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தறிக்கூடத்தின் சுவரை இடித்துக் கட்ட வேண்டிய நிலை வந்தபோது, யாரோ ஒருவர் ‘கிளாஸ் பிளாக்’ வைத்துக் கட்டினால் வெளிச்சமும் வரும், சூடும் தெரியாது, திருடனும் வரமாட்டான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கொடுத்த வண்ணப் படத் தாளை என்னிடம் நீட்டிய அப்பா, “ஏம்மா, நீ பிசிக்ஸ்தானே படிக்கிற, இதுல எழுதியிருக்கிறது நெசமான்னு பார்த்துச் சொல்லு” என்றார். ஒரு கல்லின் விலைக்குப் பத்துச் செங்கலுக்கு மேல் வாங்கலாம் என்னும்போது, அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியுமா? நான் தேடிப் படித்தவற்றையும் போட்டுப் பார்த்த கணக்குகளையும் இங்கே நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கண்ணாடிச் செங்கல் என்று நான் குறிப்பிடுவது, கடைகளில் பெரும்பாலும் 19 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. தடிப்புமாகக் கிடைக்கும் உள்ளீடற்ற கல்லை. எடை இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி, மூடியில்லாத பெட்டி போன்ற இரண்டு பாதிகளைச் செய்கிறார்கள். பிறகு அவற்றின் விளிம்புகளை மீண்டும் இளகச் செய்து ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறார்கள். இந்த யோசனை இன்று நேற்றுப் பிறந்ததன்று. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த குஸ்தாவ் ஃபால்கோனியே என்ற கட்டடக் கலைஞர் 1880களிலேயே, பாட்டில் ஊதுவது போல ஊதிச் செய்த கண்ணாடிச் செங்கற்களைக் கொண்டுவந்தார். இரு பாதிகளை ஒட்டிச் செய்யும் இன்றைய வகை 1930களில் அமெரிக்காவில் பரவியது.

இடையில் பாரிஸ் நகரில் ஒரு வேடிக்கையான கட்டடம் எழுந்தது. 1928 முதல் 1932 வரை, பியர் ஷரோ என்பவர் ஒரு மருத்துவருக்காகக் கட்டிய அந்த வீட்டுக்குப் பெயரே ‘கண்ணாடி வீடு’. மேல்மாடியில் குடியிருந்த மூதாட்டி காலி செய்ய மறுத்துவிட்டார். ஆகவே அந்த மாடியை அப்படியே நிறுத்தி, இரும்புத் தூண்களால் தாங்கி, அதன் கீழே கண்ணாடிக் கற்களால் புது வீட்டைக் கட்டினார்கள்! கற்களைச் செய்தது சேன் கோபேன் நிறுவனம். ஜன்னல் கண்ணாடி செய்யும் அதன் ஆலையொன்று 2000ஆம் ஆண்டு முதல் நம் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கி வருகிறது.

இனி இயற்பியலுக்கு வருவோம். அப்பா கொண்டுவந்த தாளில், ‘உள்ளே வெற்றிடம் இருப்பதால் வெப்பம் புகாது’ என்று அச்சிட்டிருந்தது. இதில் பாதி உண்மை; பாதி வியாபாரம்.

கல்லின் இரு பாதிகளை ஒட்டும்போது உள்ளே அடைபடும் காற்று மிகுந்த சூட்டில் இருக்கும். அதை 700 டிகிரி செல்சியஸ், அதாவது 973 கெல்வின் என்று கொள்வோம். கல் ஆறி 30 டிகிரிக்கு, அதாவது 303 கெல்வினுக்கு வரும்போது, கனஅளவு மாறாததால் அழுத்தம் 303க்கு 973 என்ற விகிதத்தில் குறையும். மேல்நிலைப் பள்ளியிலேயே படித்த வாயு விதிதான்! விடை, வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெளிக்காற்று கல்லின் ஒவ்வொரு முகத்தையும் சுமார் இரண்டரைக் குவிண்டால் எடைக்குச் சமமான விசையோடு ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று இதிலிருந்து கணக்கிடலாம். அதைத் தாங்கி நிற்கும் கல்லின் உறுதியை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் வெற்றிடமாகுமா? வாயுவின் வெப்பக் கடத்துதிறன் அதன் அழுத்தத்தைச் சார்ந்ததன்று என்பது வாயுக்களின் இயக்கவியற் கொள்கையிலிருந்து கிடைக்கும் வியப்பான முடிவு. காற்று மூலக்கூறுகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், ஒவ்வொரு மூலக்கூறும் மோதலின்றி மும்மடங்கு தூரம் ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. ஆட்கள் குறைந்தாலும் வேலை குறையவில்லை! ஜேம்ஸ் டூவார் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையில், நாம் காப்பி வைக்கும் பிளாஸ்க்கில், காற்றை வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வெளியேற்றிய பிறகே கடத்தல் அடங்குகிறது. கண்ணாடிச் செங்கல் அதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது. அடைபட்ட காற்று மெலிந்திருப்பதால் உள்ளே வெப்பச் சலனம் மட்டும் தளர்கிறது. அந்த அளவில் அச்சிட்டவர் தப்பித்தார்.

மொத்த விளைவு என்ன? ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் சுமார் 5.8 வாட் வெப்பத்தை விடுகிறது. கண்ணாடிச் செங்கல் சுவர் சுமார் 2.8 வாட் விடுகிறது. பாதியாகக் குறைந்துவிட்டது; மகிழ்ச்சி. ஆனால் நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர், இருபுறமும் பூசினால், 2 வாட்டை ஒட்டியே விடுகிறது. ஆகவே ஜன்னலை எடுத்துவிட்டு இதை வைப்பவருக்கு லாபம். சுவரை எடுத்துவிட்டு வைப்பவருக்கு லாபம் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன எண்கள் எல்லாம் குளிர்நாட்டார் கவலைக்குப் பிறந்தவை. அங்கே உள்ளே மூட்டிய வெப்பம் வெளியே போகக் கூடாது. நமக்கோ வெயில்தான் எதிரி. சித்திரை மாதப் பிற்பகலில் வெளியே 38 டிகிரி, உள்ளே 30 டிகிரி என்று வைப்போம். எட்டு டிகிரி வேறுபாட்டில் ஒற்றைக் கண்ணாடிக்குப் பதில் கண்ணாடிச் செங்கல் வைத்ததால் தடுக்கப்படும் வெப்பம், சதுர மீட்டருக்கு 24 வாட். அதே நேரத்தில் மேற்குச் சுவரில் நேராக விழும் வெயிலின் ஆற்றலை 500 வாட் என்று குறைத்தே கொண்டாலும், தெளிந்த கண்ணாடிச் செங்கல் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்ளே அனுமதிக்கும். அதாவது 300 வாட்டுக்கு மேல். வாசலில் 24 ரூபாயை மிச்சம் பிடித்துக் கொல்லைப்புறத்தில் 300 ரூபாயைத் தொலைத்த கதை!

லெ கொர்பூசியே போன்ற மேதைக்கே இந்தக் கணக்கு ஒருமுறை இடித்தது. பாரிஸில் 1933இல் அவர் கட்டிய இரட்சணிய சேனை விடுதியின் தெற்கு முகம் முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி. திட்டமிட்ட குளிரூட்டும் ஏற்பாடு நிறைவேறவில்லை. கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்து போனார்கள். பின்னாளில் அந்த முகத்துக்கு வெயில் மறைப்புப் பலகைகள் அமைக்கவேண்டி வந்தது. நம் நாட்டில் சண்டிகரில் அவர் எழுப்பிய கட்டடங்களில் அத்தகைய ஆழ்ந்த வெயில் மறைப்புகளைக் காணலாம். இன்று சென்னையின் புறநகர்ச் சாலைகளில் மேற்கு நோக்கி நிற்கும் கண்ணாடி மாளிகைகளைக் காணும்போதெல்லாம், அவற்றின் மின்கட்டணம் எவ்வளவு வருமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வடக்குச் சுவர்தான் வழி. நெசவுக்கும் வடக்கு வெளிச்சத்துக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் நெசவாலைகள் ரம்பப் பல் போன்ற கூரை அமைத்து, அதன் கண்ணாடிப் பக்கத்தை வடக்கே திருப்பி வைத்தன. நேர் வெயில் இன்றி நாள் முழுதும் ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்பதே காரணம். ஆனால் அங்கே சூரியன் என்றும் தெற்கேதான் உச்சிக்கு வரும். ஆரணியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே நம் வடக்குச் சுவரும் கோடையில் வெயில் காணும். அந்தச் சாய்வு, மிக அதிகமாக, ஜூன் 21ஆம் தேதி வாக்கில், 11 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. 30 செ.மீ. நீட்டிய ஒரு சன்ஷேடு, அன்று உச்சிப் பொழுதில், தனக்குக் கீழே ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிழல் தந்துவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெயிலுக்கு இருபுறமும் ஒரு சிறு செங்குத்து மறைப்பு போதும். இவ்வளவு எளிதான மருந்து மேற்குச் சுவருக்குக் கிடையாது.

வடக்கே வைத்த கண்ணாடிச் செங்கல் நெசவாளிக்குச் செய்யும் நன்மை ஒன்று உண்டு. அதன் உட்புறம் அலை அலையாகவோ வரிவரியாகவோ வார்க்கப்பட்டிருக்கும். வரும் ஒளி சிதறிப் பரவும். கையின் நிழல் அச்சின் மேல் அழுத்தமாக விழாது. அறுந்த இழையைத் தேடும் கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அண்டை வீட்டு விசைத்தறியின் சத்தத்தையும் இது சுமார் 40 டெசிபெல் அளவுக்குக் குறைக்கும். அதை நான் படிக்கும் மேசைக்குக் கிடைக்கும் உபரி லாபமாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு என்ற சொல்லை இருவிதமாகப் பார்க்க வேண்டும். கல்லெறிபட்டால் பெரும்பாலும் ஒரு முகம் மட்டுமே உடையும். மற்ற முகம் நிற்கும். தீ விபத்தில் சாதாரண ஜன்னல் கண்ணாடி சில நிமிடங்களில் வெடித்து உதிர்ந்துவிடும். முறையாகச் சட்டமிட்டுக் கட்டிய கண்ணாடிச் செங்கல் தட்டிகளோ முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று சோதனைகளில் தீயைத் தடுத்து நின்றிருக்கின்றன. மரத்தறியும் நூலும் நிறைந்த வீட்டுக்கு இது சிறிய செய்தியன்று. ஆயினும் மறுபுறம் ஒன்று இருக்கிறது. இந்தச் சுவரைத் திறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். பற்றியெரிந்தது கீற்றுக்கூரை, தப்ப முடியாமல் செய்தது குறுகிய வழி. வெளிச்சம் வருகிறதே என்று இருக்கிற ஒரே ஜன்னலை அடைத்துக் கண்ணாடிச் செங்கல் வைப்பவர், காற்றையும் வெளியேறும் வழியையும் சேர்த்தே அடைக்கிறார். ஜன்னலுக்குத் துணையாக வைக்கலாம். ஜன்னலுக்குப் பதிலாக வைக்கலாகாது என்பது என் கருத்து.

பாரம் தாங்குவதும் இதன் தொழிலன்று. மேலே லிண்டல் போட்டு, கல் வரிசைகளுக்கிடையே மெல்லிய துருப்பிடிக்காத கம்பிகள் கொடுத்தே கட்ட வேண்டும். டோக்கியோவில் ரென்ஸோ பியானோ வடிவமைத்து 2001இல் திறக்கப்பட்ட ஹெர்மேஸ் கட்டடத்தில் சுமார் 13,000 கண்ணாடிச் செங்கற்கள் உள்ளன. நிலநடுக்க நாடாயிற்றே! கட்டடம் அசைந்தால் கற்கள் நொறுங்காமல் இருக்க, இணைப்புகளில் இடம்கொடுத்து அமைத்திருக்கிறார்கள்.

புதிய முயற்சிகளும் நடக்கின்றன. கல்லின் நடுவே வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய பூச்சுடைய ஒரு தகட்டைச் செருகி, காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பி, 2.8 என்ற எண்ணை 1.5 வரை இறக்கியிருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் எம்ப்பா ஆய்வுக்கூடத்தார் 2023இல் வெளியிட்ட செங்கல் இன்னும் சுவையானது. கண்ணாடிக்குள் ஏரோஜெல் என்னும், உறைந்த புகை போன்ற பொருளின் மணிகளை நிரப்பினார்கள். அதன் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 53 மில்லிவாட்தான்; நம் சூளைச் செங்கலின் கடத்துதிறனில் பதினைந்தில் ஒரு பங்கு என்ற அளவு. பாரமும் தாங்குமாம். ஏரோஜெல்லின் விலைதான் தடை. அது இறங்கி நம் கொத்தனார் கைக்கு வர நாளாகும்.

எங்கள் தறிக்கூடத்துக்கு நான் வரைந்து கொடுத்த படம் இதுதான். மேற்குச் சுவர் செங்கல்லாகவே இருக்கட்டும். வடக்குச் சுவரில், தறியில் அமர்ந்தவரின் தோளுக்கு மேலே, நீளவாட்டில் 6, உயரவாட்டில் 4 ஆக 24 கற்கள். பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்திலேயே திறந்து மூடும் மர ஜன்னல். மேலே 30 செ.மீ. சன்ஷேடு. கற்களுக்கு மேலும் இருபக்கமும் சுண்டுவிரல் பருமன் சந்து விட வேண்டும், லிண்டல் சற்று இறங்கினாலும் கண்ணாடி மேல் அமுங்காது என்று கொத்தனாரிடம் விளக்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “சிமெண்டைப் போட்டு இறுக்கிட்டாத்தாம்மா கட்டு. சந்து விட்டா பல்லி பூந்துடும்” என்றார். சந்தில் பஞ்சுப் பட்டை செருகி, வெளியே சிலிக்கோன் பூசிவிடலாம் என்றேன். அப்பா என் முகத்தையும் கொத்தனார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பாப்பா சொல்ற மாதிரியே விடுங்க மேஸ்திரி” என்றார். தை பிறந்ததும் வேலை தொடங்குகிறது.